அருளப்பன் கட்டிய ரேக்

அருளப்பனுக்கு ஆசிரியை வாய்த்தபோது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. ஆசிரியைக்கு முப்பத்தொன்று.

திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பவர் அவர். கல்யாண வரவேற்பு, அம்மன் கோயில் திருவிழா, மாதா கோயில் சப்பரம் என்று எந்த மேடையையும் விட்டுவைத்ததில்லை. மேடையில் அவர் காலடியில் எஃபெக்ட்ஸ் பெட்டிகள் வரிசையாகக் கிடக்கும். சத்தத்தைக் கரகரப்பாக்க ஒன்று, எதிரொலி சேர்க்க ஒன்று, தண்ணீரில் நனைந்தாற்போல் குழைவாக்க ஒன்று. பல்லவி முடிந்து இடையிசை தொடங்குவதற்குள் ஒன்றை அணைத்து வேறு இரண்டை மிதிக்க வேண்டும். சரணம் வருவதற்குள் எல்லாவற்றையும் பழையபடி மாற்ற வேண்டும். இத்தனையையும் அவருடைய வலது கால் தன்பாட்டில் செய்துகொண்டிருந்தது. அப்படி ஒரு கால் இருப்பதையே அவர் நினைத்ததில்லை.

ஒரு மழை நாளில் அரியமங்கலம் பக்கம் ஸ்கூட்டர் சறுக்கியது. வலது கணுக்காலில் பிளேட் வைத்தார்கள். நன்றாக நடக்கலாம் என்றார் டாக்டர். நடக்க முடிந்தது. பக்கவாட்டில் திருப்பத்தான் முடியவில்லை.

குணமாகி வந்தபின் முதல் கச்சேரி மணச்சநல்லூரில் ஒரு கல்யாணம். தாலாட்டு மாதிரியான பாட்டு. இடையிசைக்கு ஒரு பெட்டியை மிதிக்கப் போன கால் இரண்டு பெட்டிகளை மிதித்துவிட்டது. தாலாட்டுக்கு நடுவில் லாரி கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. பாடகி வானதி திரும்பிப் பார்த்தாள். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

குழுவின் தலைவர் தனுஷ்கோடி கீபோர்டு வாசிப்பவர். கச்சேரி முடிந்து வேனில் ஏறும்போது, "அருளு, நீ முன் சீட்டுல உட்காரு" என்று மட்டும் சொன்னார். இத்தனை வருஷத்தில் முன் சீட்டு அருளப்பனுக்குக் கிடைத்ததில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வழிநெடுக நினைத்துக்கொண்டு வந்தார்.

அப்புறம் யாரோ நிலோஃபரைப் பற்றிச் சொன்னார்கள்.

நிலோஃபர் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். பெங்களூரில் ஒரு கம்பெனியில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி, பாலக்கரையில் சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை பிடித்து, இசைக்காரர்களுக்குக் கருவிகள் செய்துகொண்டிருந்தாள்.

அருளப்பன் போய் விஷயத்தைச் சொன்னதும், "நடங்கண்ணே, பார்ப்போம்" என்றாள்.

நடந்து காட்டினார்.

"ஒரு பட்டனை மிதிக்க முடியும்ல?"

"ஒண்ணுன்னா முடியும்மா. மூணுன்னாதான் வரலை."

"அப்ப ஒண்ணே போதும்."

பெட்டிகள் எல்லாவற்றையும் காலடியிலிருந்து எடுத்து, பின்னால் ஓர் இரும்பு அலமாரியில் அடுக்கிவிடலாம் என்றாள். அதற்குப் பெயர் ரேக். காலடியில் பட்டன்கள் வைத்த ஒரு பலகை மட்டும் இருக்கும். ஒரு பட்டனை மிதித்தால் பலகை ரேக்குக்குச் செய்தி அனுப்பும். எந்தப் பெட்டி உள்ளே வரணும், எது வெளியே நிற்கணும் என்பதை ரேக்கே ஒரே நொடியில் மாற்றிக்கொள்ளும்.

"செய்தின்னா?"

"மிடின்னு சொல்வாங்க. கருவியும் கருவியும் பேசிக்கிற பாஷை. அந்த ஒயர்ல சத்தம் போகாது. என்ன செய்யணும்ங்கிறது மட்டும்தான் போகும்."

அருளப்பனுக்கு அங்கேயே பாதி உயிர் திரும்பிவிட்டது. "எப்ப கட்டித் தருவீங்க?"

"நான் கட்டித் தர்றதில்லண்ணே. நீங்க கட்டுங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

"எனக்கு ஃபியூஸ் போடவே பயம்மா."

"அப்ப மெதுவாக் கட்டுங்க."

மறுநாளிலிருந்து காலை வேளைகளில் அருளப்பன் சைக்கிள் கடை மாடிக்குப் போனார். ஈயம் உருக்கி ஒயரைப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டார். முதலில் அவர் பற்றவைத்ததை எல்லாம் நிலோஃபர் இரண்டு விரலால் பிடித்து இழுப்பாள். கையோடு வந்துவிடும். அதை மேஜைமேல் வைத்துவிட்டுப் போவாள். கொஞ்ச நாள் கழித்து இழுத்தாள், வரவில்லை. அன்றைக்கும் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அருளப்பன்தான் கீழே போய் இரண்டு டீ வாங்கி வந்தார்.

விளையாட்டாக அவளை "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்தார். சில வாரங்களில் விளையாட்டு போய்விட்டது. டீச்சர் மட்டும் நின்றது.

ரேக் முழுசாகி, முதன்முதலாகக் கிட்டாரைச் செருகிய நாளில், 'உம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கிளம்பியது. நூறு வண்டு சுவருக்குள் புகுந்ததுபோல். அருளப்பன் கேபிள்களை மாற்றினார். பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். பகல் முழுக்கப் போராடியும் இரைச்சல் அசையவில்லை.

"டீச்சர், எல்லா இணைப்பையும் கெட்டியாத்தான் கொடுத்திருக்கேன். ஒண்ணுகூட லூஸ் இல்ல. அப்புறம் ஏன் இரையுது?"

நிலோஃபர் கத்திரியை எடுத்தாள். ரேக்கிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற கேபிளின் ஒரு முனையைத் திறந்து, உள்ளே சிக்னல் போகவும் திரும்பவும் இருந்த இரண்டு ஒயர்களைச் சுற்றியிருந்த பின்னல் கம்பியை அந்த முனையில் மட்டும் வெட்டிவிட்டாள். அது அருளப்பன் இரண்டு நாள் உட்கார்ந்து பற்றவைத்த கேபிள்.

"நல்லா இருந்ததை வெட்டிட்டீங்களே!"

"கேளுங்க."

கேட்டார். இரைச்சல் இல்லை. கீழே சைக்கிள் கடையில் யாரோ டியூபுக்குக் காற்றடிக்கிற சத்தம்தான் கேட்டது.

"ரேக்கும் தரையை, அதான் எர்த்தை, பிடிச்சிருக்கு, ஆம்ப்ளிஃபயரும் தரையைப் பிடிச்சிருக்கு. இந்தக் கம்பி வேற ரெண்டையும் பிடிச்சிட்டிருந்துச்சு, அந்தச் சுத்துலதான் இரைச்சல்" என்றாள். "ஒரு பக்கம் விட்டா போதும்."

ரேக் தயாராகிவிட்டது. ஒரு பட்டனை மிதித்தால் தாலாட்டு. இன்னொன்றை மிதித்தால் குத்துப்பாட்டு. கால் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. அருளப்பன் அதைத் துணி போட்டு மூடி வைத்தார்.

கச்சேரிக்கு எடுத்துப் போகவில்லை.

"மேடையில நின்னுபோச்சுன்னா என்ன செய்றது டீச்சர்?"

"பார்க்கலாம்ணே."

அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. உபரியாக இன்னொரு பலகை வாங்கினார். பிறகு இன்னொரு பவர் சப்ளை. பிறகு ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு மாற்று. எல்லாவற்றையும் போட்டு வைக்க ஒரு டிரங்குப் பெட்டி. அந்தப் பெட்டி ரேக்கைவிடக் கனமாகிவிட்டது. வீட்டில் அவர் மனைவி பிலோமினா, "தூக்கத்துல என் காலைப் போட்டு மிதிக்கிறீங்க" என்றாள். பட்டன் மிதிக்கிற கனவு என்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

இதற்கிடையில் குழுவின் கச்சேரிகளுக்கு வேறொருவர் வந்து கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் தனுஷ்கோடி போன் செய்தார்.

"அருளு, ஞாயித்துக்கிழமை தஞ்சாவூர்ல வரவேற்பு. வர்றியா?"

"அடுத்த வாரத்துலேர்ந்து வர்றேன் தனுஷு. இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி."

"போன மாசமும் இதைத்தான் சொன்ன." தனுஷ்கோடி குரலைத் தணித்துக்கொண்டார். "வர முடியலைன்னா சொல்லிடுப்பா. தப்பே இல்ல. அவரையே நிரந்தரமாப் போட்டுக்கறேன்."

போனை வைத்துவிட்டு அருளப்பன் நேரே பாலக்கரைக்குப் போனார். படியேறும்போதே தஞ்சாவூர் விஷயத்தைச் சொல்லிக் கேட்டார்.

"டீச்சர், இன்னைக்காவது சொல்லிடுங்க. வாசிச்சிட்டிருக்கும்போது இது செத்துப்போனா நான் என்ன செய்யணும்?"

நிலோஃபர் ஒரு சர்க்யூட் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தஞ்சாவூருக்கு நானும் வர்றேன்" என்றாள். அருளப்பன் தனுஷ்கோடிக்குப் போன் செய்து, வருவதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மண்டபத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்பக்கத்திலிருந்து வெங்காயம் வதக்குகிற வாசனை வந்தது. மேடையில் ஒருவர் ஏணிமேல் நின்று மணமக்கள் பெயரை ஜிகினாவில் ஒட்டிக்கொண்டிருந்தார். மாலை நிகழ்ச்சிக்கு முன்பாக ஒத்திகை.

அருளப்பன் ரேக்கைத் தனக்குப் பின்னால் நிறுத்தி, பலகையைக் காலடியில் வைத்தார். நிலோஃபர் மேடையின் ஓரமாக, சுவரில் ப்ளக் செருகிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். டிரங்குப் பெட்டி வேனில் இருந்தது.

தனுஷ்கோடி அந்தத் தாலாட்டையே முதலில் எடுத்தார். வேண்டுமென்றுதான் எடுத்திருப்பார்.

பல்லவி. பட்டனை மிதித்தார். முதல் இடையிசை எதிரொலியோடும் குழைவோடும் நீந்தி வந்தது. மறுபடி மிதித்தார். சரணத்துக்கு எல்லாம் அடங்கியது. வானதி பாடிக்கொண்டே லேசாகத் தலையாட்டினாள். அருளப்பன் இரண்டாவது இடையிசைக்குள் போனார்.

நான்கு சுரம் வாசித்திருப்பார். நிலோஃபர் ஸ்டூலிலிருந்து குனிந்து, ரேக்கின் ப்ளக்கை உருவினாள்.

விளக்குகள் எல்லாம் அணைந்தன. ரேக்குக்குள் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். காலடியில் பலகை கறுத்துப்போனது. அருளப்பன் பழக்கத்தில் காலால் பட்டனை மிதித்தார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை மிதித்தார்.

அப்போதுதான் காதில் விழுந்தது. கிட்டார் கேட்டுக்கொண்டிருந்தது.

எதிரொலி இல்லை, குழைவு இல்லை. வெறும் கம்பி, வெறும் விரல். ஆம்ப்ளிஃபயர் தனி ப்ளக்கில் இருந்தது. கிட்டார் எதையும் தொடாமல் நேராக அதற்குள் போய்க்கொண்டிருந்தது. விரல்கள் நிற்கவே இல்லை என்பதை அவர் அந்தக் கணத்தில்தான் கவனித்தார்.

எதிரொலி இல்லாததால் சுரங்கள் சீக்கிரம் அறுந்தன. அவர் கம்பியைக் கொஞ்சம் அழுத்தி அசைத்துப் பிடித்தார். நீண்டது. அடுத்ததை இன்னும் மெதுவாக, நகத்தை விலக்கிச் சதையால் மீட்டினார். இந்தப் பெட்டிகள் எல்லாம் வாங்குவதற்கு முன்னால், மாதா கோயில் பாடகர் குழுவில் அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தார். இடையிசை முடிந்தது. வானதி சரியான இடத்தில் அடுத்த சரணத்தை எடுத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஏணியில் நின்றவர் ஒட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது.

"ரெண்டாவது இன்டர்லூட்ல என்ன டோன் வெச்ச அருளு?" என்றார் தனுஷ்கோடி கீபோர்டிலிருந்து. "நல்லா இருந்துச்சுப்பா. சாயங்காலமும் அதையே வெச்சுக்க."

அருளப்பன் கிட்டாரைக் கழற்றி ஸ்டாண்டில் வைத்தார். மேடை ஓரத்துக்குப் போய், நிலோஃபருக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் கையில் ப்ளக் இருந்தது.

கோபப்படத்தான் போனார். ஆனால் உட்கார்ந்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பெரிய மூச்சு வந்தது. மணச்சநல்லூரிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு. அதன் பின்னாலேயே சிரிப்பும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எப்படி டீச்சர் சத்தம் வந்துச்சு?"

"உள்ளே ரிலேன்னு ஒரு சுவிட்ச் இருக்குல்ல, அதுக்குக் கரண்ட் இருந்தாத்தான் அது பெட்டிப் பக்கம் திரும்பும். கரண்ட் போனா தானா விழுந்து நேர் வழியைத் திறந்து விட்டுடும். எல்லாம் நீங்க பத்த வெச்சதுதான்."

"முன்னாடியே இதைச் சொல்லியிருக்கலாமே. எத்தனை தடவை கேட்டேன்."

"சொல்லியிருந்தா?"

"நம்பியிருப்பேன்."

"நம்பியிருப்பீங்க" என்றாள் நிலோஃபர். "நம்பிட்டுப் போய் மூணாவதா ஒரு பவர் சப்ளை வாங்கியிருப்பீங்க."

ஏணியில் இருந்தவர் மணமகளின் பெயரில் கடைசி எழுத்தை ஒட்டினார்.

"வேன்ல இருக்கிற டிரங்குப் பெட்டியை இறக்கச் சொல்லட்டுமாண்ணே?"

யோசித்தார். "வேண்டாம் டீச்சர். கேபிள் ஒண்ணு மட்டும் எடுத்துக்கறேன். கேபிள் அறுந்தாத்தான் நிஜமா ஒண்ணும் செய்ய முடியாது."

நிலோஃபர் சரி என்று தலையசைத்தாள். தனுஷ்கோடி அடுத்த பாட்டுக்குக் குரல் கொடுத்தார். அருளப்பன் கையை ஊன்றி எழுந்தார். அவள் கையிலிருந்து ப்ளக்கை வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் குனிந்தவர், செருகப் போய் நின்றார்.

"இதைப் போடலாமா டீச்சர்?"

"போடுங்க" என்றாள் அவள். "இனிமே போடலாம்."