கலியோப்பியின் வெள்ளைத் துப்பட்டி

ஏழு கடலுக்கு அப்பால், கிரேக்க தேசத்தில், ஆட்டுத்தோலை விரித்ததுபோல ஒரு சின்னத் தீவு இருந்ததாம். பவுல் அப்போஸ்தலர் போன கப்பல் புயலுக்கு ஒதுங்கிய இடம் என்று ஊரார் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்களாம். கரையில் இடிந்துபோன பழைய கோயில். அதில் மிச்சம் ஒரே ஒரு வெள்ளைப் பளிங்குத் தூண். மீன்பிடித்து வருகிறவர்கள் அந்தத் தூணும் குன்றின்மேல் இருக்கிற மாதா கோயிலும் ஒரே நேராக வருகிறதா என்று பார்த்துத்தான் படகை விடுவார்கள். கொஞ்சம் பிசகினாலும் பாறைதான்.

அங்கே ஆடு மேய்க்கிறவள் கலியோப்பி. புருஷன் லெஃப்தேரி படகுக்காரன்.

தீவை ஆண்ட துரைக்கு வெள்ளை மாளிகை கட்ட ஆசை வந்ததா, சுண்ணாம்புக்குத் தூணை உடைக்கச் சொல்லிவிட்டான். கலியோப்பி ஓடினாள்.

"துரையே, அதை உடைச்சா எங்க ஆம்பளைங்க எதைப் பார்த்து வீடு வருவாங்க?"

சிரித்தான். மறுநாளும் போனாள், சிரித்தான். மூன்றாம் நாளும் போனாள்.

"ஒத்தைக் கல்லுக்கு இத்தனை ஒப்பாரியா? போடி, போய் ஆட்டைப் பாரு!"

தூணை உடைத்து, சூளையில் சுட்டு, சுவரில் பூசியே விட்டான்.

சாயங்காலம் படகுகள் வருமே, என்ன செய்வாள்? தன் வெள்ளைக் கல்யாணத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு தூணின் அடிக்கல்லில் ஏறி நின்றாள். எல்லாப் படகும் பத்திரமாக வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். மாளிகைக்குள் கிடந்த துரைக்கு மட்டும் தெரியாது.

ஒருநாள் துரை கதவுக்கு மரம் வாங்க அக்கரை கிளம்பினான். படகு லெஃப்தேரியுடையது.

"வரும்போது நீ துடுப்பைத் தூக்கினாத்தான் நான் எழுந்திருப்பேன்" என்று கலியோப்பி புருஷன் காதில் போட்டு வைத்தாள்.

திரும்பும்போது காற்று எழும்பிவிட்டது. படகு ஒரு சுற்று சுற்றியது, இரண்டு சுற்று சுற்றியது. அடிக்கல்லுக்குப் பின்னால் குந்தியிருந்த கலியோப்பி துடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் இருப்பது அவள் புருஷனும்தானே? மூன்றாவது சுற்று.

"ஏண்டா சுத்துற? கரைக்கு விடுடா!" என்று துரை அலறினான்.

"எதைப் பார்த்து விட, துரையே? தூண் உங்க சுவத்துல இருக்கே!"

"ஐயோ, புதுத்தூண் நட்டுடறேன்!"

"அதுவரைக்கும்?"

"நானே நிக்கிறேன்டா! அப்போஸ்தலர்மேல சத்தியம்!"

துடுப்பு மேலே போனது. கலியோப்பி விருட்டென்று எழுந்தாள், துப்பட்டி காற்றில் படபடக்க.

நடுங்கிக்கொண்டு கரையேறிய துரையிடம் துப்பட்டியை நீட்டினாள்.

"இந்தாங்க துரையே, இன்னும் மூணு படகு வரணும். தூண் தும்மாது, சொறியாது. நேரா நில்லுங்க."

ஊரே பார்த்துக்கொண்டிருக்க, துரை ஏறி நின்றான். புதுத்தூண் செதுக்கி நட மூன்று மாதம். மூன்று மாதமும் நின்றான். அவள் ஆடுகள் துப்பட்டி ஓரத்தைக் கடித்துக் கடித்து முழங்கால் வரைக்கும் தின்றுவிட்டனவாம்.

படகெல்லாம் கரை சேர்ந்தது, துரையும் கீழே இறங்கினான், நம்ம கதையும் கரை சேர்ந்தது.