வியாழக்கிழமை விலை

இது நான் கண்ணால் பார்த்ததல்ல. தூத்துக்குடியில் கப்பல் டிக்கெட் கவுண்டரில் இருக்கும் லூர்து அண்ணன் சொல்லக் கேட்டது. அவர் நேரில் பார்த்தது பாதி. மீதி அவருக்கும் பிறர் சொன்னதுதான். கேட்டபடியே சொல்கிறேன்.

"அம்மா, இன்னும் எவ்வளவு குறைக்கணும்?"

கஸ்பார் பர்னாந்து இப்படித்தான் ஆரம்பித்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

அவருக்கு அறுபது வயது. 'பனிமயம்' என்ற சிறிய உல்லாசக் கப்பலுக்கு முதலாளி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூத்துக்குடியில் புறப்பட்டு, கொழும்பு போய், திங்கட்கிழமை விடியலில் திரும்பும் கப்பல் அது.

எதிரே உட்கார்ந்திருந்த பவளக்கொடிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. வெளிநாட்டுக் கப்பல்களில் அறைகளுக்கு விலை வைக்கும் வேலையில் பல வருஷம் இருந்தவர். ஒருநாள் போதும் என்று இறங்கி, வீரபாண்டியன்பட்டினத்துக் கடற்கரையில் வீடு எடுத்து உட்கார்ந்துவிட்டார். தொழிலில் முட்டி நின்றவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். குரு என்றார்கள். அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

"எதைக் குறைக்கணும், அண்ணாச்சி?"

"விலையைத்தான்."

"யாருக்காக?"

"வெள்ளைக் கப்பலுக்காக."

அந்த வருஷம்தான் ஒரு பெரிய கம்பெனி தூத்துக்குடிக்குள் வந்திருந்தது. அவர்களுடைய வெள்ளை நிறக் கப்பல் கரையில் நின்றால் 'பனிமயம்' அதன் நிழலுக்குள் அடங்கிவிடும்.

"அதுல நீச்சல்குளம் இருக்கு, சினிமாக் கொட்டகை இருக்கு, சூதாட்ட மேசை இருக்கு."

"உங்க கப்பல்ல?"

"கேரம் போர்டு இருக்கு."

"நல்ல போர்டா?"

"காயின் ரெண்டு குறையும்."

குரு சிரித்துவிட்டார். கஸ்பாருக்குச் சிரிப்பு வரவில்லை.

"அவன் டிக்கெட் விலையைக் குறைச்சான். நானும் குறைச்சேன். அவன் மறுபடியும் குறைச்சான்."

"டிக்கெட்டுல அவனுக்குக் கையைக் கடிக்காதா?"

"கடிக்கும். ஆனா உள்ள எடுத்துக்கிடுவான். குடிக்கதுல எடுப்பான், சூதாடுறதுல எடுப்பான், கடையில எடுப்பான்."

"நீங்களும் எடுங்களேன்."

"பனிமய மாதா பேர்ல ஓடுற கப்பல், அம்மா. அதுல சூதாட்ட மேசையப் போட்டுட்டு நான் எந்த மூஞ்சியோட கோயிலுக்குப் போக?"

"அப்ப சரி. அவன் டிக்கெட்டைத் தூண்டில் புழுவாப் போடுதான். நீங்க மீனையே எடுத்துப் போடுதீங்க."

கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டார்.

"கப்பலை விலைக்குக் கேக்கான், அம்மா. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணுமாம். கொடுத்தா ஓட்ட மாட்டான். உடைக்கதுக்கு அனுப்பிருவான். எங்கிட்ட வேலை பாக்குறவங்க எல்லாம் தெருவுல நிப்பாங்க. கொடுக்காம இருக்கணும்னா நான் தாக்குப்பிடிக்கணும். அதான் கேக்கேன், இன்னும் எவ்வளவு?"

"ரூம் காலியாப் போகுதா?"

"போகவே போகாது!"

இந்தக் கேள்விக்கு மட்டும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"திங்கட்கிழமை டிக்கெட் திறப்போம். முழு விலை. ஏதோ நாலு பேர் வருவாங்க. வியாழக்கிழமை மத்தியானம் மிச்ச ரூம் அத்தனைக்கும் பாதி விலை. கவுண்டர்ல மட்டும்தான். வரிசை தெரு வரைக்கும் நிக்கும். வியாழக்கிழமை விலைன்னா தூத்துக்குடியில சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"யார் சொல்லிக் கொடுத்தது?"

"எங்க அப்பா. தோணியில உப்பு ஏத்தின மனுசன். தோணி கிளம்பறதுக்கு முன்னால மிச்ச இடத்தை வந்த விலைக்குக் கொடுத்திருவார். காலி இடம் கடல்ல கொட்டின சோறும்பார். சரிதானே? கப்பல் கிளம்பிட்டா காலி ரூமை யாருக்கு விக்க?"

"அண்ணாச்சி, உப்பு மூட்டைக்கு ஞாபகம் உண்டா?"

"என்னம்மா?"

"உண்டா?"

"மூட்டைக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?"

"இந்த வியாழக்கிழமை ஒரு கைலிச் சாரத்தைக் கட்டிக்கிட்டுப் போய், உங்க கவுண்டர்லயே வரிசையில நில்லுங்க. ஒரு டிக்கெட் வாங்குங்க."

"என் கப்பலுக்கு நானே டிக்கெட் வாங்கவா?"

"ஆமா."

கஸ்பாருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் பதில் கேட்டு வந்தேன், அம்மா."

"அதுவும் அங்கதான் கொடுக்காங்க. வரிசையில நின்னு வாங்கிக்கிடுங்க."

குரு எழுந்து உள்ளே போய்விட்டார்.

---

வியாழக்கிழமை கஸ்பார் சாரம் கட்டி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார். வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகக் கப்பல் மேல்தட்டில் பார்த்த ஆளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

அவருக்குப் பின்னால் நின்ற ஜெனோவா என்ற பெண் பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்ப்பவள். வாய் ஓயாமல் பேசினாள்.

"அண்ணாச்சி, முதல் தடவையா?"

"ஆமா, தாயி."

"அதான் முழிக்கீங்க. நாங்க வருஷா வருஷம் போறோம். கொழும்புல கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்ச்சை. லீவு போட்டு ஒரு மாசம் ஆச்சு. முறுக்குகூடச் சுட்டு டப்பால போட்டாச்சு."

"ஒரு மாசம் முன்னாலயே முடிவு பண்ணியாச்சா? அப்ப டிக்கெட்டையும் திங்கட்கிழமையே வாங்கியிருக்கலாமே?"

முன்னும் பின்னும் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள்.

"திங்கட்கிழமை வாங்குறவன் புத்தி கெட்டவன், அண்ணாச்சி. இல்லன்னா புது மாப்பிள்ளை."

"கஸ்பார் முதலாளி நல்லா இருக்கட்டும். அவர் இருக்கவரைக்கும் நமக்கென்ன?"

"அந்தப் பெரிய கப்பலும் சல்லிசுதானாமே," என்றார் கஸ்பார்.

"ஏறுறதுக்குச் சல்லிசு," என்றாள் ஜெனோவா. "உள்ள தண்ணி பாட்டிலுக்குக் காசு, போட்டோவுக்குக் காசு. என் மச்சினி போனா. திரும்பி வரும்போது பர்ஸு பப்படம் மாதிரி இருந்துச்சு. அதுலயும் பிள்ளை ஒன்னு எங்கயோ தொலைஞ்சு, தேடிக் கண்டுபிடிக்கதுக்குள்ள கொழும்பே வந்துட்டாம். நமக்கு இதுதான் சரி. கோயில் வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போய், கூட்டிட்டு வந்து விட்டுருவாங்க."

முன்னால் வள்ளியூர்க்காரர் ஒருவர் பெரிய பெட்டி மேலே உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, பெட்டியோடயே வந்துட்டீங்களே. டிக்கெட் கிடைக்கலன்னா?"

"எப்படிக் கிடைக்காமப் போகும்? இன்னைக்கு வியாழக்கிழமைல்லா!"

கஸ்பார் பெட்டியைப் பார்த்தார். பூட்டுப் போட்டிருந்தது. வரிசையில் அப்படி இன்னும் பல பெட்டிகள் இருந்தன. எல்லாவற்றிலும் பூட்டு.

அவர் அந்தப் பெட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.

மடியில் கைபேசி அடித்தது. பெரிய கம்பெனியின் ஆள்.

"சார், இன்னைக்குப் பதில் சொல்றதாச் சொன்னீங்க."

"சொல்லுதேன். கப்பல் விக்கதுக்கில்ல."

"விலையைக் கூட்டிப் பேசலாம் சார்."

"நானும் அதைத்தான் செய்யப் போறேன்," என்று கஸ்பார் கைபேசியை அணைத்தார்.

கவுண்டர் வந்தது. துண்டை எடுத்ததும் உள்ளே இருந்த லூர்து பதறி எழுந்தார்.

"உக்காருலே. நாளைக் கப்பலுக்கு ஒரு ரூம்."

"முதலாளி... உங்களுக்கு எதுக்கு..."

"விலையைச் சொல்லு."

"இன்னைக்குப் பாதி விலைதானே, முதலாளி."

"திங்கட்கிழமை?"

"முழு விலை."

"அதைப் போடு."

"அண்ணாச்சி, ஏமாந்துராதீங்க!" ஜெனோவா பின்னாலிருந்து கத்தினாள். "இன்னைக்குப் பாதிதான்!"

கஸ்பார் திரும்பினார். அப்போதுதான் அவளுக்கு ஆள் யாரென்று புரிந்தது.

"இல்ல, தாயி. இன்னைக்கும் அதே விலை. இனிமே எல்லா வியாழக்கிழமையும் அதே விலை."

உடனே எல்லோரும் சேர்ந்து பேசினார்கள்.

"மாதா பேரை வச்சுக்கிட்டு வயித்துல அடிக்கீரே!"

"ஒட்டுக் கேக்கதுக்கா சாரம் கட்டிட்டு வந்தீரு?"

"கிடக்கட்டும் அவர் கப்பல். வாங்க, போலாம்!"

பாதிப் பேர் விலகிப் போனார்கள். ஜெனோவாவும் போய்விட்டாள்.

லூர்து கவுண்டருக்கு வெளியே எட்டிப் பார்த்தார். "முதலாளி, ரூமெல்லாம் காலியாப் போயிருமே."

"போகட்டும்."

"கடல்ல கொட்டின சோறும்பீங்களே!"

கஸ்பார் முழு விலையையும் எண்ணி வைத்து, டிக்கெட்டை வாங்கி மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

"அது ஞாபகம் இல்லாத உப்புக்கு, லூர்து," என்றார்.

---

பிறகு நான் துறைமுகத்தில் விசாரித்துப் பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமை 'பனிமயம்' பாதி அறைகள் இருட்டாகத்தான் புறப்பட்டது. அடுத்து வந்த திங்கட்கிழமை, கவுண்டர் திறப்பதற்கு முன்பே, முழு விலைக்கு, வரிசை தெருவுக்கு வந்துவிட்டது.