எந்த நாட்டுக்காரர்?

"உலகத்தில் எந்த மூலையிலும் எனக்கு மனிதர்கள் கிடைக்கவில்லை அம்மா."

திருமேனி இப்படித்தான் பேச்சை ஆரம்பித்தான்.

பல வருஷம் கழித்து, முன்கூட்டியே கடிதம் போட்டுவிட்டு, அன்றுதான் திரும்பி வந்திருந்தான். ஐம்பதைத் தாண்டிவிட்டான். காதோரமெல்லாம் நரை. அவனுடைய குரு பூங்கோதை அம்மை அவனைவிட வயதில் சிறியவர். ஆறும் கடலும் கலக்கும் இடத்தில், ஒரு சின்னத் தீவில், கீற்றுக் கொட்டகை போட்டு வாழ்ந்துகொண்டிருந்தார். அந்தத் தீவை விட்டு அவர் எங்கும் போனதில்லை.

"நாலு தேசம் சுற்றி மனிதர்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று அவனை அனுப்பி வைத்தவர் அவர்தான்.

மதியச் சாப்பாட்டு நேரம். எல்லோருக்கும் இலை போட்டிருந்தது. திருமேனி சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

பாலைவன தேசம் ஒன்றில் இறங்கிய அன்றே கட்டித் தழுவினார்களாம். சகோதரா என்று கூப்பிட்டு, வீட்டுக்கு அழைத்துப் போய் விருந்து வைத்தார்களாம். சில நாள் கழித்துச் சந்தையில் பார்த்தால், அதே ஆட்கள் புதிதாக வந்த வேறொருவனைத் தழுவிக்கொண்டிருந்தார்களாம். இவனைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லையாம்.

இன்னொரு தேசத்தில் எதற்கும் சிரிப்பு. வழி கேட்டால், தெரியாவிட்டாலும் சிரித்துக்கொண்டே ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டிவிடுவார்களாம். நடந்து நடந்து கால் வீங்கியதுதான் மிச்சம்.

எல்லாவற்றிலும் மோசம் பனிநாடு. அங்கேதான் அதிக காலம் இருந்தான். மர அறுவை ஆலையில் வேலை. பாஷைகூடப் பழகிவிட்டது. ஆனால் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ரயிலில் எவ்வளவு கூட்டமானாலும் அவன் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே வரும்.

"ஒரு குளிர்காலத்தில் காய்ச்சலோடு படுத்திருந்தேன். எட்டிப் பார்க்க நாதியில்லை. என் பெயரை நானே சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன் அம்மா. வேறு யாருடைய குரலோ போல இருந்தது."

அம்மை சோற்றில் கை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பரிமாறியவன் ஒரு வெளிநாட்டான். நல்ல உயரம். வெயிலில் சிவந்துபோன முகம். வேட்டியைத் தாறுமாறாகச் சுற்றியிருந்தான். பனிநாட்டு முகம் என்பது பார்த்ததுமே திருமேனிக்குத் தெரிந்துவிட்டது. அந்த முகங்களை ஆயுசுக்கும் பார்த்தாகிவிட்டது என்று தோன்றியது.

ரசம் ஊற்றக் குனிந்தவன் மெல்ல ஏதோ சொன்னான்.

திருமேனி நிமிராமலே, போதும் என்று கையைக் காட்டினான்.

பரிமாறியவன் வாளியோடு சற்று நின்றான். பிறகு அடுத்த இலைக்கு நகர்ந்தான்.

"எங்கே போனாலும் நான் தனியாள்தான். ஏன் அம்மா இப்படி?"

"மோர் ஊற்றிக்கொள்ளுங்கள்" என்றார் அம்மை.

மறுநாள் காலை அந்த வெளிநாட்டான் தோளில் பையோடு விடைபெற வந்தான். துறையில் படகு நின்றிருந்தது. திருமேனி அம்மைக்கு எதிரே பாயில் உட்கார்ந்திருந்தான்.

வந்தவன் கைகூப்பினான். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடியெடுத்துத் தமிழில் பேசினான்.

"போகும் முன் ஒன்று கேட்க வேண்டும் அம்மா. இவர் எந்த நாட்டுக்காரர்?"

"ஏன் கேட்கிறீர்கள்?"

"என் நாட்டில் இருந்தவர் ஒருவர் வரப்போகிறார், என் பாஷை அவருக்குத் தெரியும் என்றீர்கள். அவரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் காத்திருந்தேன். என் பாஷையில் பேசி ரொம்ப நாளாகிவிட்டது. நேற்று ரசம் ஊற்றும்போது, இவர்தான் அவர் என்று நினைத்து வணக்கம் சொன்னேன். இவருக்குப் புரியவில்லை. நான் காத்திருந்தவர் வேறு யாரோ."

அவன் குரலில் குறை எதுவும் இல்லை. உண்மையாகவே அப்படி நம்பியிருந்தான்.

அம்மை திருமேனி பக்கம் திரும்பவே இல்லை. தண்ணீர் வற்றினால் படகு தரை தட்டிவிடும், பத்திரமாகப் போய் வாருங்கள் என்று மட்டும் சொன்னார். அவன் இன்னொரு முறை கைகூப்பிவிட்டு மணலில் இறங்கி நடந்தான்.

திருமேனி எழுந்தான். உட்கார்ந்தான். மறுபடியும் எழுந்தான்.

பனிநாட்டு வார்த்தைகளை மனசுக்குள் துழாவினான். இந்த ரயில் எங்கே போகிறது என்று கேட்க வந்தது. இது என் இடம் என்று சொல்ல வந்தது. எனக்கு எதுவும் வேண்டாம் என்பது தங்குதடையில்லாமல் வந்தது. அவன் தேடியது மட்டும் வரவில்லை. அதை அங்கே அவன் ஒருநாளும் யாரிடமும் கேட்டதில்லை.

கரையில் படகுக்காரர் கழியை எடுத்துவிட்டார்.

"அம்மா, உங்கள் பெயர் என்ன என்று அவர்கள் பாஷையில் எப்படிக் கேட்பது?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அம்மை. "நான் தமிழில்தான் கேட்டேன்."