வாசலில் பச்சைத் துண்டு

மங்கையர்க்கரசியின் இடது இமை விழுந்துபோயிருந்தது. யாரையாவது முறைக்க வேண்டுமென்றால்கூட அதை விரலால் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அன்று காலை அப்படிப் பிடித்துக்கொண்டுதான் குருவின் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

குரு அருளானந்தி வயதில் இளையவர். சிஷ்யையை அக்கா என்பார். சிஷ்யை அவரைச் சுவாமி என்பாள். இதில் அவர்கள் இருவருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை. ஆசிரமத்தைப் பார்க்க வருகிறவர்களுக்குத்தான் இருந்தது.

"நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போகப்போறதில்ல, சுவாமி."

"கஞ்சி இறங்குதா?"

"பாதி மூக்கு வழியா வருது."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"அடுத்து மூச்சைப் பிடிக்குமாம். அதுக்குள்ள மருந்து ஏத்தணுமாம். என்ன மருந்துன்னு கேளுங்க."

"என்ன மருந்து?"

"ஆன்டிபாடி!"

குரு நிமிர்ந்து பார்த்தார்.

"நோயே அதுதான். கிருமியை அடிக்க வேண்டிய என் ஆன்டிபாடி என் தசையையே எதிரின்னு நினைச்சு அடிக்குதாம். சொன்னது அவர். இப்ப ஊர்ல ஆயிரம் பேர் கொடுத்த ரத்தத்துல இருந்து எடுத்த ஆன்டிபாடியைப் பாட்டில் பாட்டிலா ஏத்துவேங்கறதும் அவர்தான். காலமெல்லாம் பள்ளிக்கூடத்துல சயின்ஸ் நடத்தினவ நான். எனக்கே காது குத்தறார்."

"வேற வழி கேட்டீங்களா?"

"இருக்கிறதை மொத்தமா அழிச்சு விடுங்கன்னேன். அழிச்சா ஒரு சளிக்காய்ச்சலுக்கே போய்ச் சேர்ந்துடுவீங்கன்னார்."

பேசப் பேசக் குரல் மூக்கில் கரைந்தது. அவள் நிறுத்திக்கொண்டாள்.

அப்போது வாசலில் சத்தம் கேட்டது. இருவரும் எழுந்து போனார்கள்.

தரையெல்லாம் கத்தரிக்காய். நடுவில் காலிக் கூடையோடு சமையல்கார தைலம்மை. எதிரே கம்போடு காவல்காரர் வேதாசலம்.

"நேத்து என் சாம்பாரைக் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்ன வாய்தானேய்யா இது? இன்னிக்கு நான் யாருன்னு கேக்குது!"

"கூடையோட வேகமா வந்தா சந்தேகம் வராதா?" என்றார் வேதாசலம்.

"கத்தரிக்காயைத் திருடிக்கிட்டு எவளாவது உள்ள வருவாளா? வெளியதான்யா போவா!"

போன மாதம் தியான மண்டபத்துக் குத்துவிளக்கு களவு போனது. அதற்குப் பிறகுதான் இந்தக் காவல். வேதாசலத்தையும் இன்னும் சில ஆட்களையும் பிடித்து, தோளில் பச்சைத் துண்டைப் போட்டு, கையில் கம்பைக் கொடுத்து நிறுத்தியது மங்கையர்க்கரசியே. முதலில் அந்நியரைத் தடுத்தார்கள். அப்புறம் பால்காரரை. இன்று, ஆசிரமம் தொடங்கியதிலிருந்து அடுப்படியில் நிற்கிறவளை.

"இந்தக் காவல்காரங்க எல்லாரையும் இப்பவே அனுப்பிடுங்க, சுவாமி."

"அனுப்பிடலாம். மறுபடி திருடன் வந்தா?"

மங்கையர்க்கரசி குனிந்து ஒரு கத்தரிக்காயைப் பொறுக்கினாள்.

"பச்சைத் துண்டு மிச்சம் இருக்கா அக்கா?"

"ஒரு மூட்டை கிடக்கு. எதுக்கு?"

மதியச் சாப்பாட்டுக்காக மரத்தடியில் காத்திருந்த ஊராரைக் குரு காட்டினார். "அவங்களுக்குக் கொடுங்க. வாசல்ல உட்காரட்டும்."

"இந்தக் காவல்ல பட்டது போதாதா? அவங்க யாரு எவருன்னுகூடத் தெரியாது!"

"கொடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தாள். ஊரார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் முழுக்க உட்கார்ந்தார்கள். வேதாசலத்தின் ஆட்களுக்குக் காலை அகட்டி நிற்க இடமில்லை. கம்பைச் சுழற்றினால் பக்கத்தில் இருப்பவர் மண்டையில் படும். ஒருவர் வெற்றிலையை நீட்டினார். ஒருத்தி, "செத்த பிடிங்கண்ணே, செருப்பு வார் அறுந்துபோச்சு" என்று தன் கைக்குழந்தையை வேதாசலத்திடம் கொடுத்தாள். அவர் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டார்.

பால்காரர் வந்தார். ஒரு காவல்காரர் எழப் பார்த்தார். "அட, நம்ம பால்காரரு, உட்காருங்க" என்று யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார். தைலம்மை காலிக் கூடையோடு வேண்டுமென்றே வாசலில் போய்ப் போய் வந்தாள். வேதாசலம் பார்க்காத மாதிரி குழந்தைக்குக் கொட்டாவி விட்டுக் காட்டினார்.

பந்தி முடிந்த நேரத்தில் யாரோ ஒருவன் பூஜை மணியை வேட்டியில் சுருட்டிக்கொண்டு நழுவினான். மணி நாக்கு சும்மா இருக்குமா? வேதாசலம் குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டுக் கம்போடு ஓடினார். மணி திரும்பி வந்தது.

சாயங்காலம் ஊரார் துண்டுகளைக் கொடியில் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். மங்கையர்க்கரசி இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்தாள். வேதாசலம் கம்பைக் கையில் எடுக்காமல் தைலம்மையோடு பேசிக்கொண்டிருந்தார்.

"ஊர்க்காரங்க வீட்டுக்குப் போயாச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல இந்த மனுஷன் பழையபடி ஆரம்பிப்பார்."

"ஆரம்பிச்சா அவங்களை மறுபடி கூப்பிடுவோம்."

"இப்படியே கூப்பிட்டுக்கிட்டே இருக்கிறதா?"

"அவருக்குச் சந்தேகம் தெளியற வரைக்கும். நம்மகிட்டதான் சோறு இருக்கே, வருவாங்க."

அவள் இமையிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எல்லாம் சரி, சுவாமி. ஆனா அந்த மருந்து யார் யாரோட ரத்தமோ."

குரு கொடியிலிருந்து ஒரு துண்டை உருவி அவளிடம் நீட்டினார். அதில் வியர்வையும் வெற்றிலையும் மணத்தது. அவள் முகத்தைச் சுளித்தாள்.

"இது யார் போட்டிருந்தது?"

"கேட்டுக்கல அக்கா. ஆஸ்பத்திரியில ஏசி குளிரும், போர்த்திக்கிட்டுப் போங்க."