அம்பாசிடரின் பின்கண்ணாடி

தாசையன் ஆசானை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது, என் பழைய அம்பாசிடரின் பின்சீட்டில். உடைந்த பின்கண்ணாடியை மாற்ற வந்திருந்தார். என்னைவிட நாலு வயது இளையவர். ஆனாலும் வண்டிக்குக் கண்ணாடி மாட்டும் தொழிலை அவரிடம்தான் கற்றேன்.

"எப்பம் உடைஞ்சுது?"

"முந்தாநாள் மத்தியானம், கொளுத்துற வெயில்ல. சத்தம் கேட்டு வெளிய வந்தா, பக்கத்து வீட்டுச் சொர்ணப்பன் வண்டிக்கிட்ட நிக்கான். கையில குடை. வெயிலுக்குப் பிடிச்சானாம்! அவன் வாசல்ல வண்டியைப் போடாதேன்னு ரெண்டு மாசமா சண்டை, ஆசானே."

வண்டியடியில் கிடந்த கல்லை ஒரு தாளில் பொதிந்து வைத்திருந்தேன். அதையும் காட்டினேன்.

"கல்லா, குடையா? ஒண்ணைச் சொல்லும்."

"எதுவானா என்ன? ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தாச்சு. சாயங்காலம் அவனைக் கூப்பிடுவாங்க. ஸ்கூல் வேன் ஓட்டுகவன். கேசுன்னா வேலை போயிரும்."

"போனா?"

"போட்டும். உடைச்சது அவன்தான்னு கண்ணாடியைப் பாத்துச் சொல்ல முடியுமா, ஆசானே?"

ஆசான் பழைய ரப்பரை உருவினார். கீழ் மூலையில் பெயிண்ட் உப்பியிருந்தது. ஸ்குரூடிரைவரால் குத்தினார். துரு பாளம் பாளமாகப் பெயர்ந்தது. உள்ளே தகரம் வீங்கிக் கண்ணாடியின் விளிம்பை நெருக்கியிருந்தது. அப்படி நெருக்கினால் வெயிலில் கண்ணாடி தானாகவே வெடிக்கும். இதை எனக்குச் சொல்லித் தந்ததே அவர்தான்.

"துருவைச் சுரண்டாம மேல பெயிண்டை அடிச்சுக் கண்ணாடி மாட்டினது யாரு?"

"நான்தான். அன்னைக்கு மழை வார மாதிரி இருந்துது."

எமரித் தாளை நீட்டினார். தகரம் வெளுக்கும்வரை தேய்த்தேன். பெயிண்ட் அடித்துக் காயவிட்டோம்.

புதுக் கண்ணாடியில் ரப்பரைப் போட்டு, அதன் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவினார். உள்ளிருந்து ஒருவர் கயிற்றை இழுக்கும்போது வெளியே ஒருவர் அழுத்திப் பிடிக்க வேண்டும். அவர் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். நான் வெளியே கை வைத்தேன்.

"நீரு வேண்டாம். சொர்ணப்பனைக் கூப்பிடும்."

"நான் பிடிக்கேன், ஆசானே."

"உமக்கு ஸ்டேஷனுக்குப் போவணும்லா?"

நான் கண்ணாடியிலிருந்து கையை எடுத்தேன்.

"அவன்கிட்ட என்னன்னு சொல்லிக் கூப்பிட?"

"முதல்ல, எழுதிக் குடுத்ததைச் சொல்லும். பொறவு, கண்ணாடி பிடிக்க வருவியான்னு கேளும்."

சொர்ணப்பனிடம் இரண்டையும் அதே வரிசையில் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தபோது ஆசான் போயிருந்தார். சொர்ணப்பன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. வண்டியில் கண்ணாடி இருந்தது.