மூன்றாவது மேடு

காலை ஐந்தே முக்கால். இருக்கை ஒன்று. ஆள் கஸ்பார்.

மூடிப்போன கடற்கரை விடுதி ஒன்றிலிருந்து வாங்கிய மஞ்சள் கயாக் அது. ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் பிளாஸ்டிக் படகு; இரண்டாவது ஆளுக்கு இடமில்லை. அதைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டுவிட்டு மெற்றில்டா கரையிலேயே நின்றாள். பஜாரில் செல்போன் பழுதுபார்க்கும் கடை அவளுடையது. மீன் காட்டும் மெஷினை முந்தின நாள் அதில் மாட்டியவள் அவள்தான்.

லேசில் முடிந்த வேலை அல்ல. ஒலியை அனுப்பித் திரும்ப வாங்கும் சிறிய கட்டியைப் படகின் வயிற்றுக்குள் பசை வைத்துப் பதிக்க வேண்டும். முதல் தடவை பசைக்குள் காற்றுக் குமிழ் நின்றுவிட்டது. திரையில் கடலே வரவில்லை. சுரண்டி எடுத்து மறுபடி பதித்தாள். பாட்டரிக்கு ஒரு சாப்பாட்டு டப்பா. திரை, கால் நீட்டும் இடத்துக்கு நேர் மேலே.

"மாமா, இது அடிக்கணக்குதான் பேசும். பாகம் இதுக்குத் தெரியாது. ஏழு பாகம்னா நாப்பத்திரெண்டு அடி. ஏழுன்னு வந்ததும் தூண்டிலப் போட்டுட்டு உக்காந்திராதிய."

"எனக்கே கணக்குச் சொல்லித் தாறியா பிள்ள? மீனு மூஞ்சியக் காட்டுமா, அதச் சொல்லு."

"ஆழத்தக் காட்டும். அடியில கல்லா மண்ணான்னு காட்டும். எந்தக் கல்லுன்னு சொல்லாது."

"அது போதும்," என்றார் கஸ்பார்.

கல் விஷயம் பழையது. 1986இல் கஸ்பாரும் மெற்றில்டாவின் அப்பா தெலஸ்போரும் ஒரே கட்டுமரத்தில் போய்வந்த காலம். அறுந்துபோன நங்கூரத்தைத் தேடப் போய், ஏழு பாக ஆழத்தில் ஒரு பாறைத் திட்டு அகப்பட்டது. கடல்காரர்கள் அதைப் பார் என்பார்கள். கலவா மீன் அங்கே குடும்பம் குடும்பமாகக் கிடந்தது. கடலில் விட்ட இடத்துக்குத் திரும்பி வரவேண்டுமென்றால், கரையில் இரண்டு அடையாளங்களை ஒன்றின்பின் ஒன்றாக நிறுத்திக் கோடு பிடிக்க வேண்டும். அப்படி இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடமே பார்.

நண்பர்கள் கோடுகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மேற்கே கோயில் சிலுவையும் பனைக்கூட்டமும் கஸ்பாருக்கு. தெற்கே முனைப் பாறையும் அதன் பின்னால் தெரியும் சூளைச் சிமினியும் தெலஸ்போருக்கு. அடுத்தவன் பக்கம் கழுத்தைத் திருப்பக் கூடாது, தனியாகவும் போகக் கூடாது என்று வாக்கு. பிடித்த கலவாவின் தலை ஒரு நாள் இந்த வீட்டுக்கு, மறுநாள் அந்த வீட்டுக்கு.

"ரெண்டு பேருக்கும் கழுத்துல என்ன சுளுக்கா?" என்று மெற்றில்டாவின் அம்மா கேலி செய்வாள். தலை எந்த வீட்டில் கொதித்தாலும் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான் சாப்பிட்டார்கள். அந்தக் குழம்பின் புளிப்பு மெற்றில்டாவின் நாக்கில் இன்னும் இருக்கிறது.

பிறகு சர்க்கரை நோய் தெலஸ்போரின் கண்களைக் கொண்டுபோயிற்று. கட்டுமரம் கரையோடு நின்றது. சூளைச் சிமினியை இடித்து, அதே மேட்டில் செல்போன் கோபுரம் எழுப்பினார்கள். கஸ்பார் பிறர் படகுகளில் வேலைக்குப் போனார், பாருக்குப் போகவில்லை. ஆனால் மாலை தவறாமல் வந்து தெலஸ்போருக்குக் கடல் கதை சொல்லிவிட்டுப் போவார். அவரை விட்டால் அப்பாவோடு பேச வேறு ஆள் கிடையாது. அந்த வருகை நின்றுவிடுமோ என்பதே மெற்றில்டாவின் பயம். ஏனென்றால் போன மாதம் அப்பா சொல்லியிருந்தார்: "நம்ம பாரு மீன் தலைய ஒருக்கா தின்னாப் போதும் மாப்ள." அதற்கு அடுத்த வாரம்தான் கஸ்பார் கயாக் வாங்கினார். தனியாகப் போனால் வாக்கு உடையும், அதோடு நட்பும் உடையலாம்.

கயாக் இறங்கிய அன்று முற்பகலில் தோளில் பெரிய கலவாவோடு கஸ்பார் நேரே அவர்கள் வீட்டுக்கு வந்தார். தெலஸ்போர் மீனைத் தடவிப் பார்த்தார்.

"நம்ம பாரு மீனுல்லா இது? யாரு கூடப் போன?"

"யாரு வருவா மச்சான்? ஒத்தச் சீட்டு."

"அப்ப வாக்கு?"

"உன் பக்கம் கழுத்தத் திருப்பல. என் கோட்டுலயே நேராப் போனேன். மெஷின்ல மேடு மேடா மூணு கல்லு வந்துது. மூணும் அந்தா இந்தான்னு நாப்பத்திரெண்டு அடி. மூணாவதுல எறக்கினேன். மொத இழுப்பே இவன்தான்."

"மொத ரெண்டுலயும் போட்டுப் பாக்கலியா?"

"அங்க எதுக்கு?"

தெலஸ்போர் மீனிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "வாக்கு ஒடஞ்சு போச்சு மாப்ள," என்றார்.

மெற்றில்டா குறுக்கே புகுந்தாள். "எப்பிடி ஒடஞ்சுதுங்கிய? மெஷின மாட்டினது நான். உங்க கோடு செய்யிற வேலைய அது செஞ்சிருக்கு. நம்ம வீட்டுக் கை அந்தப் படகுல இருந்துதுல்லா? நீங்க போன மாதிரிதாம்ப்பா."

கலவா வெட்டாமல் தரையில் கிடந்தது.

கழுத்தைத் திருப்பவில்லை என்கிறார் கஸ்பார். வாக்கு உடைந்தது என்கிறார் தெலஸ்போர். அப்பாவின் கோட்டுக்குப் பதிலாக மெஷின் நின்றது என்கிறாள் மகள். வாசகரே, இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை: தெலஸ்போர் சொன்னதே சரி. மெஷின் கல்லைக் காட்டும், எந்தக் கல் என்று காட்டாது; அப்படிச் சொன்னவள் மெற்றில்டாவேதான். ஒரே ஆழத்தில் மூன்று மேடுகள் இருக்க, முதல் இரண்டையும் தொடாமல் மூன்றாவதில் தூண்டிலை இறக்கியவருக்குத் தெற்குக் கோடும் தெரிந்திருக்க வேண்டும். முனைப் பாறைக்குப் பின்னால் சிமினிக்குப் பதில் கோபுரம், அவ்வளவுதான். "எப்பத் திரும்பிப் பாத்த?" என்று கேட்டார் தெலஸ்போர். "எண்பத்தெட்டுல," என்றார் கஸ்பார். மெஷின் வெறும் சாக்கு. இரண்டு கோடும் தெரிந்த மனிதர் இத்தனை காலம் தனியாகப் போகாமல் இருந்திருக்கிறார். தெலஸ்போர் மீனை அவர் பக்கம் தள்ளினார். "கடைசித் தலை எங்க வீட்டுல கொதிச்சுது. இது உன் மொற. நான் அங்க வாறேன்."

2022 பிப்ரவரி 7, திங்கட்கிழமை, இரண்டு இருக்கைக் கயாக் ஒன்று அதே கரையில் இறங்கியது. முன் இருக்கையில் தெலஸ்போர், பின்னால் கஸ்பார். மெஷின் மாட்டப்படவில்லை.