டயர் மாற்றிய சேதி

மணிமுத்தாற்றங்கரையில் இருந்த அந்தக் குடிலில் குருவுக்கு வயது நாற்பத்தொன்று, சீடருக்கு ஐம்பத்திரண்டு. புதிதாக வருகிறவர்கள் சீடரின் காலில்தான் முதலில் விழப் பார்ப்பார்கள். அவர் பதறி இரண்டடி பின்னால் போய், "அங்க, அங்க" என்று தவமணியம்மாவைக் கைகாட்டுவார். அம்மா சிரித்துக்கொண்டு நிற்பார்.

சீடரின் பெயர் கலியமூர்த்தி. விருத்தாசலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பதினாலு மாதத்துக்கு முன்னால் அவருடைய ஒரே தம்பி, ஓசூரில் வேலை பார்த்த பழமலை, பைக் விபத்தில் செத்துப்போனான். முப்பத்தாறு வயது, கல்யாணம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் வாத்தியார் குடிலுக்கு வர ஆரம்பித்தார். முதல் நாளே அம்மாவிடம் தம்பி போனதைச் சொல்லி அழுதார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

குடிலுக்கு ஒரு பக்தர் தன்னுடைய மின்சாரக் காரைக் கொடுத்திருந்தார். அதை ஓட்டும் வேலை வாத்தியார் தலையில் விழுந்தது. பெட்ரோல் வாசனை இல்லாத வண்டியை அவர் கடைசிவரை நம்பவில்லை. வண்டியும் அவரை நம்பியதாகத் தெரியவில்லை.

ஒரு நாள் வண்டியின் திரையில் சிவப்பாக ஒரு எச்சரிக்கை வந்தது. டயர் தேய்ந்துவிட்டது, உடனே மாற்றவும். வாத்தியார் அலறியடித்துக்கொண்டு அன்றைக்கே கடைக்குப் போய் நாலு டயரையும் மாற்றினார். மறுநாள் வண்டியை எடுத்தால் அதே சிவப்பு. அதற்கு மறுநாளும் அதே. கம்பெனிக்குப் போன் போட்டார். "கொண்டு வாங்க சார், பாத்துடலாம்" என்று அடுத்த மாதத்தில் ஒரு தேதி கொடுத்தார்கள்.

மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா குடிலை விட்டு வெளியே வந்தபோது, வாத்தியார் காருக்குள் உட்கார்ந்து திரையின் மூலையில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க அடிபட்டுச்சு?" என்றார் அம்மா.

"பொய் சொல்லுதும்மா. நாலும் புது டயரு. தேஞ்சுபோச்சு தேஞ்சுபோச்சுன்னு தினம் இதே பாட்டு. பாக்கப் பாக்கப் பயமா இருக்கு."

"பொய்னுதான் தெரியுதே. அப்புறம் ஏன் பயம்?"

வாத்தியார் பிளாஸ்திரியின் ஓரத்தை விரலால் அழுத்திவிட்டார். பிறகு அவரே கேட்டார்.

"ஒண்ணு கேக்கறேம்மா. ஒருத்தர் இல்லாத ஆபத்தச் சொல்லிச் சொல்லியே பயமுறுத்திக்கிட்டு இருந்தா என்ன செய்யணும்? அவங்க வாய மூடணுமா, நம்ம காத மூடிக்கணுமா?"

வண்டி என்று சொல்லாமல் ஒருத்தர் என்று அவர் சொன்னதை அம்மா கவனித்தார். கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். பிளாஸ்திரியை மெல்ல உரித்து எடுத்தார். சிவப்பு எழுத்து மறுபடி தெரிந்தது.

"உங்க வீட்டுக்குப் போலாம்."

"எங்க வீட்டுக்கா?"

"உங்கப்பா முப்பது வருசம் பஸ்சு ஓட்டினவருன்னு நீங்கதான சொன்னீங்க. அவருகிட்ட கேப்போம்."

"அவருக்கு இந்த மாதிரி காரெல்லாம் தெரியாதும்மா. காதும் கேக்காது. அதுவும் இன்னைக்கு ஞாயித்துக்கிழம."

"ஞாயித்துக்கிழமைன்னா என்ன?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று வாத்தியாருக்குப் புரிந்தது. வண்டியைக் கிளப்பினார்.

பெரியவர் கொளஞ்சியப்பர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுபத்தாறு வயது. இன்ஜினுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்ததில் இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதில் வாய் வைத்துக் கத்தினால் பாதி கேட்கும். போன வருஷம் இதயத்தில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவர் தெருமுனையைக்கூடத் தாண்டுவதில்லை.

கார் வந்து நின்றதை அவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"ஏண்டா கலியா, எனக்குத்தான் காது கேக்கலையா, இல்ல வண்டிக்கே சத்தம் கெடையாதா?"

"வண்டிக்கே கெடையாதுப்பா" என்று வாத்தியார் காதில் கத்தினார்.

அம்மாவைக் கும்பிட்டுவிட்டு, பெரியவர் நேராகக் காரிடம் போனார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, டயரின் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். நாலு டயரையும் அப்படியே பார்த்தார். வாத்தியார் அந்தக் கட்டைவிரலைப் பார்க்க மாட்டாமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"புது டயரு. ஆயிரம் கிலோமீட்டரு ஓடியிருந்தா அதிகம்."

"தேஞ்சுபோச்சுன்னு காட்டுதுப்பா, வண்டி."

"அதுக்கு எப்படித் தெரியும்? டயருக்குள்ள கண்ணு வச்சிருக்கானா?"

"கண்ணெல்லாம் இல்ல. சக்கரம் எத்தன சுத்து சுத்துது, எவ்வளவு தூரம் ஓடிருக்குன்னு கணக்குப் போட்டு சொல்லுது."

"அப்ப, டயரு மாத்தினத அதுகிட்ட சொன்னியா?"

வாத்தியார் திரையை எட்டிப் பார்த்தார்.

பெரியவர் காரில் கையை ஊன்றிக்கொண்டு அம்மாவிடம் சொன்னார். "எங்க டிப்போவுல டயரு மாத்தினா ஒரு நோட்டுல எழுதணும்மா. ஒரு தடவ நான் எழுத மறந்துட்டேன். போர்மேன் நோட்டப் பாத்துட்டு, கொளஞ்சி, டயர மாத்து, கொளஞ்சி, டயர மாத்துன்னு பத்து நாளு என் உசுர எடுத்துட்டான். இவனுக்குப் பித்துப் புடிச்சிருச்சுன்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டேன். பாவம், அவன் மேல என்னா தப்பு? அவனுக்கு யாரும் சொல்லல. அவன் பழைய டயரையே நெனச்சுக்கிட்டு இருக்கான்."

வாத்தியார் காருக்குள் உட்கார்ந்து திரையைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு பக்கமாகத் தேடினார். நாலாவது பக்கத்தில் ஒரு ஓரமாக இருந்தது. டயர் மாற்றப்பட்டதா என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி. மூன்று வாரமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது. ஆமாம் என்று அழுத்தினார். சிவப்பு எழுத்து போய்விட்டது.

"போயிடுச்சா?" என்றார் பெரியவர்.

"போயிடுச்சுப்பா."

பெரியவருக்கு ஒரே சந்தோஷம். உள்ளே கூட்டிப்போய் அம்மாவை உட்கார வைத்தார். வாத்தியாரின் மனைவி காப்பி கொண்டுவந்து கொடுத்தார். பெரியவர் சட்டையை விலக்கி, ஆபரேஷன் தழும்பைக் காட்டினார்.

"டாக்டரு எல்லாம் நல்லா இருக்குன்னுதாம்மா சொல்றாரு. போன வாரங்கூட மிஷின் வச்சுப் பாத்தாரு. ஆனா இங்க ஒரு பாரம். வெடியக்காலையில முழிப்பு வந்துடுது. என்னான்னே தெரியல."

அம்மா அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தானது. பெரியவர் மகனைப் பார்த்து, "மணியாச்சு. தம்பிக்குப் போன் போடு" என்றார்.

வாத்தியாரின் மனைவி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். திரும்பி வரவில்லை.

"அப்பா, விருந்தாளி வந்திருக்காங்க. சாயங்காலம் பேசிக்கலாம்."

"அவன் காத்துக்கிட்டு இருப்பான்டா. போடு."

வாத்தியார் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். எந்த எண்ணையும் அழுத்தாமல் காதில் வைத்துக்கொண்டார். அம்மா பக்கம் அவர் திரும்பவில்லை.

"பழமல, நான்தான்டா. நல்லா இருக்கியா?"

"ஜப்பான்ல குளிரான்னு கேளு."

"குளிரா இருக்கா தம்பி?" வாத்தியார் பதிலைக் கேட்டுக்கொள்வதுபோலத் தலையாட்டிவிட்டு அப்பாவின் காதில் சொன்னார். "இப்ப கொறஞ்சிருக்காம்ப்பா."

"அந்த பைக்க ஓசூர் ரூம்லதான போட்டுட்டுப் போனான்? நின்ன வண்டி டயரு இன்னும் கெட்டுத்தான் போவும். அதுவும் பின் டயரு ஏற்கெனவே மழுங்கிக் கெடக்கு. வந்ததும் வராததுமா எடுத்துக்கிட்டுக் கெளம்பிடப் போறான். மாத்திட்டுத்தான் தொடணும்னு சொல்லு."

"பின் டயர மாத்திட்டுத்தான் வண்டிய எடுக்கணுமாம் தம்பி. அப்பா சொல்றாரு."

"என்னா சொன்னான்?"

"மாத்திடறேன்னாம்ப்பா."

"போன வாரமும் இதத்தான் சொன்னான்" என்றார் பெரியவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "குரலு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா இருக்குப்பா" என்று சொன்னபோது வாத்தியாரின் குரல் நன்றாக இல்லை. அப்பாவுக்கு அது கேட்கவில்லை.

திரும்பும் வழியில் ஆற்றுப்பாலம் வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம், புளியமரத்து நிழலில் வாத்தியாரே வண்டியை ஓரங்கட்டினார்.

"அப்பாவுக்குத் தெரியாதும்மா."

"ம்."

"அவருக்கு ஆபரேஷன்னு நான்தான் தம்பிக்குப் போன் பண்ணேன். ஓசூர்லேருந்து பைக்லயே கெளம்பிட்டான். நல்ல மழ. செஞ்சிகிட்ட வண்டி சறுக்கிடுச்சு. பாண்டிச்சேரி ஆசுபத்திரியில அப்பா நெஞ்சத் தொறந்து வச்சிருந்த நேரம். இங்க நாங்க தம்பியக் கொண்டுபோயி எரிச்சுட்டோம். ஜப்பான் போயிருக்கான்னு சொல்லிட்டோம். தெருவே வாயத் தச்சுக்கிட்டுது."

"டாக்டரு என்ன சொன்னாரு?"

"அதிர்ச்சியா எதுவும் சொல்லிடாதீங்கன்னாரு. மூணு மாசத்துக்கு."

"இப்ப எத்தன மாசம்?"

"பதினாலு."

"மூணு டாக்டரு சொன்னது. மீதி பதினொண்ணு?"

கணக்கு வாத்தியாருக்கு இந்தக் கணக்கு வராமல் இல்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தார். ஒரு மாட்டு லாரி போனது. அதற்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட வேன் காலியாகப் போனது.

"அதுக்கு முந்தின மாசம் தம்பி லீவுல வந்திருந்தாம்மா. இப்பப் பாத்தீங்கள்ல, அதே மாதிரி அப்பா அவன் பைக் டயர்ல கட்டவெரல வச்சுப் பாத்தாரு. மழுங்கிப்போச்சு, இதோட அவன அனுப்பாத, நீ கொண்டுபோயி மாத்திக் குடுன்னாரு. தம்பிகிட்ட சொல்லல. எங்கிட்ட சொன்னாரு. எந்த வண்டியப் பாத்தாலும் அவரு டயரத்தான சொல்லுவாருன்னு நான் காதுல போட்டுக்கல. அடுத்த தடவ வரட்டும், பாத்துக்கலாம்னுட்டேன்."

அம்மா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"தம்பி போயிட்டான்னு சொன்னா எப்படின்னு கேப்பாரு. வண்டி சறுக்கிடுச்சுன்னு சொன்னா எந்த டயருன்னு கேப்பாரு. அவரு டிரைவரும்மா. கேக்காம இருக்க மாட்டாரு."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். ஐம்பத்திரண்டு வயதில் மனிதர் இப்படி அழுவாரா என்று வழியில் போன இரண்டு பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மா அவர் தோளைத் தொடவில்லை, தேற்றவும் இல்லை. அழுது முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பிறகு வாத்தியார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"அந்தப் பதினொண்ணும் எனக்காகத்தாம்மா."

அம்மா கதவைத் திறந்து கீழே இறங்கினார். காலையில் உரித்தெடுத்த பிளாஸ்திரி இன்னும் அவர் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் போட்டார்.

"வண்டிய உங்க வீட்டுக்கே திருப்புங்க. நான் பஸ்சு ஏறிப் போய்க்கறேன்."

வாத்தியார் சாவியைத் தொடுவதுபோல வெறும் இடத்தைத் துழாவினார். அந்த வண்டிக்குத் திருகும் சாவி இல்லை என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. திரையில் எந்த எச்சரிக்கையும் இல்லை. அது அவருக்கு முன்னைவிடப் பயமாக இருந்தது.

"அம்மா" என்று கூப்பிட்டார். "அவரு தாங்குவாரா?"

அம்மா ஜன்னலருகே குனிந்தார்.

"பதினாலு மாசமா தாங்கிக்கிட்டுத்தான் இருக்காரு, வாத்தியாரே. எதத் தாங்கறோம்னுதான் அவருக்கு யாரும் சொல்லல."